குசினிச் சதுரம் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முள்ளியவளையில் நாங்கள் கூடித் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஒவ்வொருவரும் ஒரு சதுரத்தை வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவருவது வழக்கம். இம்முறை குசினிப் பொருள்கள் என்று முடிவாகியதால் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, தேங்காய் துருவும் திருவலை, அகப்பை, மூக்கு வைத்த குவளையான மூக்குப்பேணி எல்லாம் துணியில் உருவெடுத்திருக்கின்றன. புதியவர்களின் வேலையைப் பார்த்தபோது, தொடக்கத்தில் நாங்கள் விட்ட பிழைகளே திரும்பவும் வந்திருப்பது தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதுகிறேன்.

கால் அங்குலத்தை அரை அங்குலமாக்குவது

12 அங்குலச் சதுரம் என்பது போர்வையில் இணைந்த பின் கண்ணுக்குத் தெரியும் அளவாகும். நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும் என்பதால், கொண்டுவரும் சதுரம் 12½ அங்குலம் இருக்க வேண்டும். சட்டை தைத்துப் பழகிய கை, உள்தையல்களுக்கும் தன்னையறியாமல் அரை அங்குலம் விட்டுவிடுகிறது. 4½ அங்குலத் துண்டுகள் மூன்றைக் கால் அங்குலத் தையலில் இணைத்தால் 12½ அங்குலம் கிடைக்கும். அரை அங்குலத் தையலில் இணைத்தால் 11½ அங்குலமே மிஞ்சும்.

"இழுத்துத் தைத்தால் சரிவரும் அக்கா" என்று சொல்லப்படும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. முன்னொரு போர்வையில் அப்படி இழுத்துத் தைத்த வரிசை முழுவதும் சுருங்கி நின்றது. அதைப் பிரித்த பின், குறைந்த சதுரத்துக்கு ஏற்ப மற்றவற்றையும் வெட்டிவிடலாம் என்று ஒருவர் வெட்டத் தொடங்க, வயதான அம்மா ஒருவர் கையால் நுணுக்கமாகத் தைத்திருந்த மூக்குப்பேணியின் மூக்கு நுனி கத்தரிக்கோலோடு போய்விட்டது. அளவு பிசகியது ஒருவருடைய சதுரம், இழப்போ இன்னொருவருக்கு.

ஆகவே சதுரத்தைத் தொடங்குமுன் 1½ அங்குல அகலமுள்ள மூன்று கீற்றுகளை வெட்டி இணைத்துப் பாருங்கள். நடுக்கீற்று சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருந்தால் உங்கள் தையல் சரியானது. இல்லையென்றால் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தையல் இயந்திரத்தின் தட்டில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, துணியின் ஓரத்தை அதனோடு அணைத்துத் தையுங்கள். ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாத இரும்பின் ஓரத்தை நம்ப வேண்டாம். அது எல்லா இயந்திரத்திலும் கால் அங்குலத்தில் இருப்பதில்லை.

உருவத்தை ஓரம்வரை கொண்டுபோவது

அகப்பைக் காம்பும் பேணியின் மூக்கும் வெட்டிய ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே நிற்கட்டும்.

சாயம் போகும் துணி

சட்டிக்கும் அடுப்பு நெருப்புக்கும் சிவப்புத் துணியே பொருத்தமாகத் தோன்றும், ஆனால் சாயம் விடுவதில் கடும் சிவப்பும் கருநீலமும் முன்னிற்கும். புழுதியில் புழங்கும் போர்வை அடிக்கடி துவைக்கப்படும் என்பதால், துணியை வெட்டுமுன் தனியாக நனைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். முன்கூட்டி நனைத்துக் காயவைப்பதால் பருத்தி சுருங்குவதும் பெரும்பாலும் அப்போதே முடிந்துவிடும்.

பழைய சாரம்

இடுப்பில் உடுத்தும் பருத்திச் சாரத்தின் (லுங்கியின்) கட்டங்கள் குசினிச் சதுரத்துக்கு மிக அழகு. வெளிச்சத்தில் பிடித்து, இழை நைந்த இடங்களை விலக்கி வெட்டுங்கள். நைந்த துணி புதுத்துணியோடு சேரும் தையலில்தான் முதலில் கிழியும்.

மின்னழுத்தி

தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி எடுங்கள்.

மணி, பொத்தான்

வேண்டாம். இது குழந்தை படுக்கும் போர்வை.