பல் மருந்தகத்தின் பொருள் அலமாரிக்கு ஒரு குறிப்பு

பல் மருந்தகத்தில் பொருள்களை வந்த வரிசையில் அன்றி, காலாவதி நாளின் வரிசையிலேயே அடுக்க வேண்டும். பிந்தி வந்த பெட்டிக்கு முந்திய காலாவதி நாள் இருப்பதும் உண்டு. மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து தீர்வதற்குமுன் ஆர்டர் கொடுக்க நினைவூட்டலாக, கடைசிக்கு முந்திய பெட்டியில் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டிவிடுவது எங்கள் வழக்கம். கணினிப் பட்டியலைவிட அதுதான் கண்ணில் படுகிறது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில், பல் அச்செடுக்கும் ஆல்ஜினேட் தூள் எளிதில் கெட்டுவிடும் என்பதால், பிரித்த பையை மடித்து கிளிப் போட்டு வைக்காமல், உடனே காற்றுப்புகாத டப்பாவுக்கு மாற்றி, பிரித்த தேதியையும் தொகுதி எண்ணையும் மூடியிலேயே எழுதி வையுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி விநியோகிப்பாளர்கள் விடுமுறை எடுப்பார்களாதலால், கையுறையையும் எச்சில் உறிஞ்சுகுழாயையும் இரண்டு வாரங்களுக்கு முன்பே சொல்லி வைக்கவும்.