மூடிக் கிடக்கும் பழைய நெல் மில்லின் நிலையைப் பார்த்துப் பதிவு செய்யும் முறை

பாலக்காட்டுப் பகுதியின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கங்களில் பூட்டிக் கிடக்கும் பழைய ரைஸ் மில்லைப் பழுது பார்ப்பதா, இடிப்பதா என்று பேசத் தொடங்கும் முன், அது எப்படிக் கட்டப்பட்டது, எங்கே, எதனால் கெட்டது என்பதை எழுதி வைக்க வேண்டும். அதற்கு நான் பின்பற்றும் வழி, அந்தக் காலத்தில் நெல் போன வழியிலேயே நடப்பது: களம், ஊறல் தொட்டி, அவிக்கும் இடம், அரவைக் கூடம், கிடங்கு. கட்டடத்தின் கேடுகளில் பெரும்பாலானவை அங்கே நடந்த வேலையின் தடங்கள் என்பதால், இந்த வரிசையில் போனால் காரணம் தானே புலப்படும்.

இரண்டு முறை போக வேண்டும். மாசியில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்றில் எல்லாம் காய்ந்திருக்கும்போது விரிசல்களை அளக்கலாம். ஆடியில், அதே கணவாயில் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும்போது நீர் இறங்கும் வழி கண்ணில் படும்; மேற்குச் சுவரும் அதன் மேலுள்ள கூரை விளிம்பும்தான் அதிகம் நனையும். தனியாகப் போகாதீர்கள். நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிக்குழி உமியும் குப்பையும் மூடித் தரையைப் போலவே தெரியும். ஒரு நீண்ட கழியால் தட்டிப் பார்த்துக்கொண்டே அடி வையுங்கள்.

தொட்டிகளை ஒட்டிய சுவரில் அதிக நேரம் செலவிடுங்கள். புழுங்கலரிசிக்காக இரண்டு மூன்று நாள் நெல்லை ஊறப்போட்ட தண்ணீர், ஆண்டுக்கணக்கில் கசிந்து அடிச்சுவரில் ஏறியிருக்கும். வெட்டுக்கல்லோ செங்கல்லோ, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுக் காயக்கூடியது. பின்னாளில் யாரோ அதன்மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் கல் மாவாகிவிடும். நான் பார்த்த ஒரு மில்லில், வெளியே வழவழப்பாக இருந்த சிமென்ட் பூச்சைத் தட்டியபோது டொக்கென்று பொள்ளல் ஓசை வந்தது. ஒரு கையகலம் பெயர்த்ததும் செங்கல் பொடியாக உதிர்ந்தது. ஆகவே சுவரை விரல் கணுவால் முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலை உயரம் என்று மூன்று மட்டங்களில் தட்டி, உவர் (வெள்ளை உப்பு) பூத்த உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறியுங்கள்.

அவிக்கும் இடத்தின் மேலே ஆவி பட்ட கைமரங்களைப் பாருங்கள். அவை தேக்கானாலும் பனையானாலும், சுவரில் உட்கார்ந்திருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும். ஒரு குத்தூசியால் அழுத்தினால் நல்ல மரம் எதிர்க்கும், இற்ற மரம் ஊசியை வாங்கிக்கொள்ளும். கரையான் மண்தடத்தைத் துடைத்துவிடாமல் படம் எடுங்கள். ஓட்டுக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டிருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அரவைக் கூடத்தில், எந்திரங்களைச் சுழற்றிய சாஃப்டின் (நீண்ட இரும்புத் தண்டின்) பேரிங் உட்கார்ந்த இடங்களைச் சுற்றிச் செங்குத்தாக ஓடும் விரிசல் பெரும்பாலும் எந்திரத்தின் அதிர்வால் வந்தது. மில் நின்றபோதே அதுவும் நின்றிருக்கலாம். மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து இறங்கும் விரிசல் அஸ்திவாரம் அமர்ந்ததைக் காட்டும், அது இன்னும் நகரக்கூடும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். ஆடியில் வரும்போது கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். புகைபோக்கியைத் தூரத்திலிருந்து தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். அதன் உச்சியில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்க வேண்டாம், வேரோடு செங்கல்லும் வரும்.

வயதைக் கணிக்கும்போது கூரை ஓடுகளை மட்டும் நம்பாதீர்கள். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை செய்த ஓட்டின் அடியில் 1865 என்று இருந்தால், அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு; ஓடு சுட்ட ஆண்டு அல்ல. கொதிகலனில் தயாரிப்பாளரின் தகடும், 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டப்படி பொறித்த பதிவெண்ணும் இருக்கிறதா என்று துருவைத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். வரிப்பள்ளம் உள்ள இரும்பு உருளை கொண்ட எங்கல்பெர்க் வகை ஹல்லரும் (உமி நீக்கும் எந்திரம்) ரப்பர் உருளை எந்திரமும் ஒரே கூடத்தில் நின்றால், பின்னது பிற்காலச் சேர்க்கை. இரண்டின் மேடைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

பழைய ஆவணங்களைத் தேடும்போது ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது, அதன் தாள்களுக்கு எர்ணாகுளம் ஆவணக் காப்பகம். பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, அதற்குக் கோழிக்கோடு. புறப்படும் முன் உரிமையாளர் வீட்டில் பழைய வரி ரசீது ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.