கையில் கட்டும் குறுக்குவில்: வில்லில் தொடங்காதீர்கள்

போன வாரம் செந்தூலில் என் வீட்டுக்கு இரண்டு தம்பிகள் ஒரு குறுக்குவில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற காமிக்ஸ் விழாவில் காஸ்ப்ளே, அதாவது கதாபாத்திர வேடம், போடப் போகிறார்களாம். ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற நுரைத் தாளில் மரக்கோடு கீறி, ஓரங்களில் வெள்ளி வண்ணம் தேய்த்து, அவ்வளவு அழகாகச் செய்திருந்தார்கள். கட்டிக்கொண்டு நடந்து காட்டச் சொன்னேன். நாலு அடி வைப்பதற்குள் வில் உருண்டு உள்ளங்கைப் பக்கம் தொங்கியது.

"அண்ணே, வெல்க்ரோவை இன்னும் இறுக்கினா சரியாயிடுமா?"

ஆகாது. விரல்தான் மரத்துப்போகும். ஏழு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

பிளேடை மாற்றுவது, அளந்து வெட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பலரும் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வில்லை முதலில் செய்வது

காணொளிகள் எல்லாம் வில்லில்தான் தொடங்குகின்றன. வில்லைத் தாங்கும் கைக்காப்பைக் கடைசியில் ஒரு பட்டையாக ஒட்டி முடித்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

முன்னங்கை நேரான குழாய் இல்லை. முழங்கைப் பக்கம் பருத்து, மணிக்கட்டில் ஒடுங்கும். உள்ளே இரண்டு எலும்புகள். உள்ளங்கையை மேலிருந்து கீழே திருப்பினால் ஓர் எலும்பு மற்றதன் மேல் குறுக்கே புரளும். மணிக்கட்டு கிட்டத்தட்ட அரைவட்டம் சுற்றிவிடும். முழங்கையை ஒட்டிய சதை அவ்வளவாக நகராது. இப்போதே கையை நீட்டித் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டில் இறுக்கிய வில் அந்த அரைவட்டத்தையும் கூடவே சுற்றும்.

நான் மூன்று வாரமும் இருநூறு ரிங்கிட்டுக்கு மேலும் செலவழித்து வில்லை முடித்த பிறகுதான் இது புரிந்தது. பிரித்து ஒட்டலாம் என்று இழுத்தேன். பசை விடவில்லை, ஃபோம்தான் கிழிந்தது. அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் என் வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் காப்பு. முன்னங்கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். ஒட்டும்போது முஷ்டியை மடக்கியே வைத்திருங்கள், சதை அப்போதுதான் புடைக்கும். பிறகு நீளவாக்கில் வெட்டி விரித்தால் அதுதான் உங்கள் அளவுத் தாள். 5 மில்லிமீட்டர் ஃபோமில் காப்பை வெட்டி, முழங்கைக்கு இரண்டு விரல் கீழே அகலமான எலாஸ்டிக் பட்டையை இறுக்கமாகவும், மணிக்கட்டுக்கு மேலே இன்னொன்றைத் தளர்வாகவும் வையுங்கள். மணிக்கட்டு காப்புக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும், காப்பு நகராது. அரைமணி நேரம் அதோடு வீட்டு வேலை பாருங்கள், ஒரு தே தாரிக் ஆற்றிக் குடியுங்கள். அப்புறமும் நின்ற இடத்தில் நின்றால், வில் உட்காரும் இடத்தைக் குறியுங்கள். எடை முழங்கைப் பக்கம் இருக்கட்டும். மணிக்கட்டில் ஏற்றினால் தோள் வரை வலிக்கும்.

பசை தடவியதும் ஒட்டுவது

காண்டாக்ட் பசையை இரு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத வரை காத்திருங்கள். பத்து நிமிடம் என்று டப்பாவில் போட்டிருக்கும். நம்மூர் மழைச் சாயங்காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது, விரலை நம்புங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சூடு காட்டாமல் வண்ணம் அடிப்பது

ஃபோம் வண்ணத்தைக் குடித்துவிடும். முதலில் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டுங்கள்.

நாணை விறைப்பாகக் கட்டுவது

ஒரே வாரத்தில் வில்லின் கைகள் வளைந்துவிடும். எலாஸ்டிக் கயிறு போதும்.

காடியில் விட்டுப் போவது

பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்கள் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும். மத்தியான வெயிலில் நிற்கும் காடியின் டாஷ்போர்டு அதையும் தாண்டும்.

உண்மையிலேயே எய்ய வைப்பது

வேண்டாம். நாண் அறுந்தால் கட்டியிருக்கும் கையிலோ முகத்திலோதான் அடிக்கும். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தோடு நடமாடுவது நம் மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அம்பின் முனையும் ஃபோமாகவே இருக்கட்டும், அதையும் வில்லோடு ஒட்டிவிடுங்கள். எல்ஆர்டி ரயிலில் போகும்போது பைக்குள் வையுங்கள்.