புலி பாக்கக் கெளம்புற நம்ம ராம்நாடு ஆளுக வழக்கமா பண்ற தப்பு

லீவு விட்டாப் போதும், மண்டபம், கீழக்கரை, தொண்டின்னு நம்ம பக்கத்துல இருந்து வேன் புடிச்சு நீலகிரியில இருக்குற முதுமலை காட்டுக்குப் புலி பாக்கப் போறது இப்ப ஒரு பழக்கமாவே ஆயிருச்சு. போயிட்டு வந்தவங்கள்ட்ட கேட்டா முக்காவாசிப் பேரு "அட போப்பா, நாலு மானும் ஒரு மயிலும்தான், காசுக்குப் புடிச்ச கேடு"ங்குறாங்க. நானும் மொத தடவ போயிட்டு வந்து இப்படித்தான் பொலம்புனேன், மூணாவது தடவ போனப்பதான் நாம பண்ணுன கூத்து எல்லாம் ஒண்ணொண்ணா வெளங்குச்சு.

டிக்கெட் எடுத்தா புலி வந்தே ஆகணும்னு நெனைக்கிறதுதான் மொத தப்பு. அதுலயும் நம்ம கடக்கரை ஆளு இப்படிக் கேக்குறதுதான் எனக்கு வேடிக்க. டீசல் அடிச்சு ஐஸ் ஏத்திக்கிட்டு மீன் புடிக்கப் போன போட்டு வெறும் பெட்டியோட திரும்பி வர்றத சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவங்க நாம, கடல்ட்ட போயி எவனாச்சும் கேரண்டி கேட்ருக்கானா? 2022 கணக்கெடுப்புல தமிழ்நாடு முழுசுக்கும் சேத்தே 306 புலிதான். அதுவும் அஞ்சு புலிகள் காப்பகம், அதச் சுத்தி இருக்குற காடுன்னு பரந்து கெடக்கு, புலி கூட்டமா திரியற சாமானும் இல்ல, தனியா தனக்குன்னு ஒரு எல்ல வச்சுக்கிட்டு அதுக்குள்ள சுத்துறது. போதாததுக்கு உண்ணிச்செடி வேற. நம்ம ஊர்ல சீமக்கருவேல் எப்படிக் கம்மாயெல்லாம் ஏறிக் கெடக்கோ அதே மாதிரி அங்க ரோட்டோரம் பூராம் உண்ணிச்செடி ஆள் உசரத்துக்கு நிக்கிது, பத்தடி தள்ளிப் படுத்துருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. (சித்தி ஒருத்தவங்க "சிங்கம் எந்தப் பக்கம்"னு கேட்டுக்கிட்டே வந்தாங்க, நம்ம நாட்டுக் காட்டுல சிங்கம்னா அது குஜராத் கிர் பக்கம் மட்டும்தான் சித்தி.)

நேரத்துல கோட்ட விடுறது அடுத்தது. ராத்திரி பத்து மணிக்கு ராம்நாட்டுல ஏறி, மதுரையில டீ, கோயம்புத்தூர்ல டிபன், ஊட்டியில போட்டோன்னு ஆடி அசஞ்சு சஃபாரி கெளம்புற தெப்பக்காடு போய்ச் சேரும்போது உச்சி வெயில் தாண்டிரும். அந்நேரம் மிருகமெல்லாம் நெழல்ல படுத்துருக்கும். விடிகாலையும் பொழுது சாயிற நேரமும்தான் அதுக நடமாடுற நேரம், அதனால மொத நாளே போயி பக்கத்துல தங்கிட்டு காலையில மொத ட்ரிப்ப புடிக்கிறதுதான் புத்தி. சொந்த வண்டிய உள்ள விட மாட்டாங்க, வனத்துறை வண்டிலதான் போகணும், சீட்டு தீந்துட்டா தீந்ததுதான். கோடையில காட்டுத்தீ பயத்துல சில சமயம் சஃபாரியவே நிப்பாட்டிருவாங்க, வேனுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சுக் கேட்டுக்கங்க.

போற வழியிலயும் சிக்கல் இருக்கு. நீலகிரிக்குள்ள நொழைய 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், நாங்க அது தெரியாம செக்போஸ்ட்ல நின்னு பத்துப் பேரு பத்துப் போன்ல அப்ளை பண்ணிக்கிட்டு இருந்தோம். ஊட்டியில இருந்து கல்லட்டி ரோடு கிட்டக்கன்னு மேப் காட்டும், 36 கொண்ட ஊசி வளவு, வெளியூரு வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, நம்ம ராம்நாட்டு டிஎன் 65 நம்பரப் பாத்ததுமே நிறுத்திருவாங்க, பேசாம கூடலூரு சுத்தியே போங்க. முதுமலையத் தாண்டி பந்திப்பூர் வழியா மைசூரு போறதா இருந்தா ராத்திரி 9 மணில இருந்து காலையில 6 மணி வரைக்கும் அந்த ரோடு அடைப்பு. அப்புறம் சாயங்காலமானா "நைட் சஃபாரி சார், புலி கேரண்டி"ன்னு ஜீப்போட ஒருத்தர் வந்து நிப்பாரு. புலிகள் காப்பகத்துக்குள்ள நைட் சஃபாரிக்கு அனுமதியே கெடையாது, மாட்டுனா அவரு நழுவிருவாரு, ஃபைன் கட்டுறது நீங்க.

இப்ப சத்தம். இதத்தான் நான் விலாவாரியா சொல்லணும்.

ரெண்டாவது தடவ போனப்ப ஒரு வளவுல டிரைவர் அண்ணன் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கையத் தூக்குனாரு. மேல மரத்துல ஒரு மந்தி, தொண்டையில எதோ சிக்குன மாதிரி கரகரன்னு விட்டு விட்டுக் கத்துது, கீழ புள்ளிமான் கூட்டம் மேயிறத விட்டுட்டு எல்லாம் ஒரே பக்கமாப் பாத்து நிக்கிது, ஒண்ணு முன்னங்கால ஓங்கித் தரையில தட்டுது. புலியோ சிறுத்தையோ அந்தப் பக்கம் இருந்தாத்தான் இப்படின்னு அண்ணன் மெதுவா சொல்லி வாய மூடல, எங்க மச்சான் போன்ல குத்துப்பாட்டு ரிங்டோன் ஃபுல் சவுண்டுல. எடுத்து "ஆங், காட்டுலதான் இருக்கேன், கேக்குதா"ன்னு வேற பேசுறாரு. அம்புட்டுதான், செடி லேசா அசஞ்ச மாதிரி இருந்துச்சு, மந்தி அடங்கிருச்சு, மானு திரும்ப மேய ஆரம்பிச்சுருச்சு. போன சைலண்ட்ல கூட வேணாம், ஆஃப் பண்ணிருங்க. புலிய நீங்க தேட வேணாம், மானையும் மந்தியையும் கவனிச்சாலே போதும், வெளிக்கடல்ல பறவ கூடுற எடத்த வச்சு மீன் கெடக்குன்னு சொல்றோம்ல, அதே கணக்குதான்.

சாப்பாட்ட வண்டிக்குள்ள பிரிக்காதீங்க. நாங்க புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் கட்டிட்டுப் போயி, ஜன்னல் வழியா கொரங்கு கைய விட்டு தூக்கு வாளியோட தூக்கிட்டுப் போயிருச்சு. அது கூட பரவால்ல, அத்தை பாவம்னு மிச்சத்தையும் எறிஞ்சாங்க பாருங்க, அதான் பெரிய தப்பு, கைநீட்டிப் பழகுன கொரங்கு ரோட்டோரமே கெடந்து வண்டில அடிபட்டுச் சாகுது. வண்டிய விட்டு எறங்குறதும் அப்படித்தான், அதுலயும் ரோட்டுல யானை நின்னா செல்ஃபிக்கு எறங்கவே எறங்காதீங்க, அந்த ரோட்டுல புலிய விட யானைக்குத்தான் பயப்படணும். நம்ம மன்னார் வளகுடா 21 தீவுல எவனாச்சும் வந்து எறங்கி பிக்னிக் போட்டா நாம சும்மா இருப்போமா?

துணி விஷயம் சின்னதுதான், பளிச்சுனு வெள்ள, ரோஸு வேணாம், செண்ட் வேணாம்.

இன்னொண்ணு, நெறைய பேரு புலிக்காட்டுக்கு ஏற்கனவே போயிருப்பீங்க, தெரிஞ்சுருக்காது. சதுரகிரி இருக்குறது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ள, 2021ல அறிவிச்சது. பாபநாசத்துக்கு மேல சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைக்குள்ள, அதுதான் தமிழ்நாட்டோட மொத புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குக் கூட்டத்தோட கூட்டமாப் போயி சாம்பார் கவரையும் தண்ணி பாட்டிலையும் அங்கயே போட்டுட்டு வர்றோமே, அது புலி தண்ணி குடிக்கிற ஓடைலதான் போயி ஒதுங்குது.

மூணாவது தடவையும் எனக்குப் புலி தெரியல. மழ பேஞ்ச ஈர மண்ணுல ஒரு கால்தடம் மட்டும், என் உள்ளங்க அளவுக்கு இருந்துச்சு. நம்ம கூட வந்த பையன் "நாய்க் காலா மாமா"ன்னான். நாயா இருந்தா நகம் பதிஞ்சுருக்கும், புலி நகத்த உள்ள இழுத்துக்கிட்டு நடக்கும்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு. அவன் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு நகம் இருக்கா இருக்கான்னு பாத்துக்கிட்டே வந்தான், பரமக்குடி தாண்டுற வரைக்கும் அதே பேச்சுதான்.