இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் காப்பீடு: ப்ரீமியத்தைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் முழுமையாகத் தயாராகிக் கப்பலில் வந்திறங்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் ஆண்டு ப்ரீமியத்தைக் கேட்டவுடன், எங்கே குறைக்கலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொகை எதனால் ஆனது என்று பார்க்காமலே கத்தரிப்பவர்கள், பெரும்பாலும் வெட்டக் கூடாத இடத்தில்தான் வெட்டுகிறார்கள்.

விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் பேரம் பேச ஒன்றுமில்லை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு ஓராண்டுப் பாலிசியானால் அது 7,897 ரூபாய்; புதிய காருக்கு மூன்றாண்டுகளுக்குச் சேர்த்து 24,596 ரூபாய். சாதாரண செடானுக்கும் வி8 எஞ்சின் காருக்கும் அதில் வேறுபாடு கிடையாது. மீதிப் பணத்தில் பெரும்பகுதி ‘ஓன் டேமேஜ்’ எனப்படும் சொந்தச் சேதக் காப்பீட்டுக்குப் போகிறது. 2007 முதல் அதன் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்வதால், ஒரே காருக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு தொகை சொல்வார்கள். ஷோரூமில் நீட்டும் முதல் மதிப்பீட்டிலேயே கையெழுத்திடுவது, செலவை வீணாகக் கூட்டும் முதல் தவறு.

மிகப் பெரிய தவறு ஐ.டி.வி.யைக் குறைப்பதுதான். கார் திருடுபோனாலோ முற்றிலும் சிதைந்தாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகையே ஐ.டி.வி.; இணையத்தில் அதைச் சற்றே இறக்கினால் ப்ரீமியமும் உடனே இறங்குவதால், பலர் யோசிக்காமல் இறக்கிவிடுகிறார்கள். ஷோரூம் விலை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் ஓடும் அந்தக் காருக்கு 20 சதவீதத் தேய்மானம் கழித்தால் ஐ.டி.வி. 80 லட்சம். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள் என்பதால், இங்கே எல்லை 60 லட்சம். ஐ.டி.வி.யை 70 லட்சமாகக் குறைத்திருந்தாலோ அந்த எல்லை 52.5 லட்சமாகிவிடும். உதிரிபாகங்களும் இறக்குமதியாகவே வர வேண்டிய காருக்குப் பெரிய விபத்தில் 55 லட்ச ரூபாய் பில் வருவது அரிதல்ல. சரிசெய்து ஓட்டியிருக்கக்கூடிய காரை, சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியதற்காக 70 லட்சத்துக்கு ஒப்படைக்க நேரும்.

இதோடு சாலை வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். நம் கணக்கில் அது 20 லட்சம். ஐ.டி.வி.யில் அந்த வரி சேராது. அதை மீட்டுத் தருவது ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பு மட்டுமே. பெரும்பாலும் அது முதல் சில ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும் என்பதால், அந்த ஆண்டுகளில் அதை நீக்குவது சிக்கனமாகாது என்பது என் உறுதியான கருத்து.

பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ‘ஜீரோ டெப்’ பாதுகாப்பை விடுவதும் அத்தகையதே. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் ஏர்பேக்குக்கும் 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள். பம்பருக்கும் ஏர்பேக்குகளுக்கும் 6 லட்சம் பில் வந்தால் 3 லட்சம் உங்கள் பையிலிருந்து போகும். சுங்க வரி கட்டாமல் கொண்டுவரப்பட்ட காரானால் ஐ.எம்.டி. 19 என்ற எண்டார்ஸ்மென்ட்டை, அதாவது பாலிசியோடு இணைக்கப்படும் கூடுதல் நிபந்தனையை, தவறாமல் படியுங்கள். இங்கே கையிருப்பில் இல்லாத பாகத்துக்கு நிறுவனம் எவ்வளவு தரும் என்பதற்கு அது வரம்பு வைக்கிறது. விலைப்பட்டியல் இங்கே இல்லாத பாகத்துக்கு, தொழிற்சாலை விலையோடு விமானம் அல்லாத வழியில் கொண்டுவரும் செலவையும் சுங்க வரியையும் மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. அவசரத்துக்கு விமானத்தில் வரவழைத்தால் அந்த வித்தியாசத்தை உரிமையாளரே ஏற்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு பணிமனையில், பிரித்துப்போட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் பார்த்தேன். காரின் வெளிப்புறத்தில் சேற்றுக் கறை தவிர ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் துணி விரித்து வரிசையாக வைத்திருந்த ஆறு கனெக்டிங் ராடுகளில் இரண்டு வில்போல வளைந்திருந்தன. தண்ணீர் வடிந்ததும் உரிமையாளர் ஒரே ஒருமுறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறார். சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல அமுங்காது என்பதால், மேலேறிய பிஸ்டனின் விசை முழுவதும் ராடில் இறங்கிவிட்டது. இத்தகைய சேதத்தைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. தரையை ஒட்டி ஓடும் காரைச் சென்னையில் வைத்திருப்பவர் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாதுகாப்பைத் தவிர்க்கவே கூடாது. அந்தப் பாதுகாப்பு இருந்தாலும், நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஈ.சி.யூ. ரீமேப் (எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றுவது), மாற்று எக்ஸாஸ்ட், பெரிய டர்போ போன்ற மாற்றங்களை மறைப்பது ப்ரீமியத்தைக் குறைக்கும் வழியல்ல, கிளைமை இழக்கும் வழி. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் காரைப் பார்வையிடும்போது அவை வெளிப்பட்டுவிடும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோக நினைப்பவரும் பாலிசியின் பயன்பாட்டு வரம்பைப் படிக்க வேண்டும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும்.

உண்மையிலேயே பணம் மிச்சமாகும் இடம் நோ கிளைம் போனஸ்தான். ஓன் டேமேஜ் ப்ரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி, கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஓன் டேமேஜ் ப்ரீமியம் 1,60,000 ரூபாயானால் பாதி, அதாவது 80,000 ரூபாய், குறையும். 40,000 ரூபாய் கீறலுக்குக் கிளைம் செய்தால் அந்தப் போனஸ் சுழியத்துக்கு இறங்கிவிடும் என்பதால், சின்னச் சேதங்களைக் கைப்பணத்தில் சரிசெய்வதே லாபம். அப்படிச் செய்யத் தயாராக இருப்பவர் ஒவ்வொரு கிளைமிலும் தாமாக ஏற்கும் கழிவுத் தொகையையும் உயர்த்தலாம். ஆனால் அதற்கான தள்ளுபடிக்கு உச்சவரம்பு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போனஸ் காருக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போதே காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் கடிதம் வாங்கிவிட்டால், மூன்றாண்டுகளுக்குள் அதைப் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். பழைய கார் உங்கள் பெயரிலும் புதியது உங்கள் கம்பெனியின் பெயரிலும் இருந்தால் அந்தப் போனஸைப் புதிய காருக்கு மாற்ற முடியாது; எனவே, காரை யார் பெயரில் பதிவது என்று ஆடிட்டரிடம் பேசும்போதே இந்தக் கணக்கையும் அவர் முன் வையுங்கள். பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும், ஐந்தாண்டுகளாகச் சேர்த்த போனஸ் மொத்தமாகப் போய்விடும்.