சிங்கிள் ஸ்பீடு சைக்கிளுக்கு நீடித்து உழைக்கும் ஃப்ரீவீல்: பார்த்து வாங்குவது எப்படி

மிதிக்கும்போது பின்சக்கரத்தைச் சுழற்றி, மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பின்பக்கப் பல்சக்கரம்தான் ஃப்ரீவீல். அதைக் கையில் எடுத்ததும் பலர் பல்லைத்தான் எண்ணுவார்கள். அதற்கு முன்னால் மரையைப் பாருங்கள். ஃப்ரீவீல் ஏறும் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பாகத்தின், மரையோடு அது பொருந்த வேண்டும். பெரும்பாலான ஹப்களின் மரை 1.375 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. 16 பல்லும் அதற்கு மேலும் உள்ளவை அநேகமாக இந்த அளவில்தான் கிடைக்கும். 13, 14 பல் ஃப்ரீவீலுக்குள் அவ்வளவு பெரிய மரைக்கு இடம் போதாது. அவை பிஎம்எக்ஸ் ஹப்களுக்கான 30 மி.மீ. மரையில் வரும். பழைய பிரெஞ்சு ஹப் என்றால் கவனம் தேவை. அதன் விட்டம் 34.7 மி.மீ., மற்றதைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அதில் சாதாரண ஃப்ரீவீல் லொடலொடவென்று ஏறிவிடும், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மரையை உரித்துக்கொண்டு சுழலும்.

அடுத்தது செயின் அகலம். 1/8 அங்குலச் செயின் 3/32 அங்குலப் பல்லில் ஓடும். 3/32 செயின் 1/8 பல்லில் உட்காராது.

ஆயுளைத் தீர்மானிப்பது உள்ளே இருப்பதுதான். மெல்லிய ஸ்பிரிங் தூக்கிப் பிடிக்கும் சின்ன எஃகு நாக்குகள் உள்பற்களில் விழுந்து மாட்டுவதால்தான் மிதி சக்கரத்துக்குப் போகிறது. ஒரு சுற்றில் நாக்கு மாட்டும் இடங்கள், அதாவது பிடிப்புப் புள்ளிகள், அதிகம் இருந்தால் உறுதியும் அதிகம் என்பது தவறான கணக்கு. 15 உள்பற்களில் இரண்டு நாக்குகளை மாறி மாறி விழும்படி வைத்தால் ஒரு சுற்றுக்கு 30 புள்ளிகள் கிடைக்கும். மிதி உடனே பிடிக்கும், ஆனால் எந்த நேரத்திலும் முழுப் பாரத்தையும் ஒரே நாக்குதான் தாங்கும். எல்லா நாக்குகளும் ஒன்றாக விழும் அமைப்பில் பாரம் பகிரப்படுகிறது. உழைப்புதான் வேண்டுமென்றால், ஒன்றாக விழும் தடித்த நாக்குகளும் ஆழமான உள்பற்களும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்கச் சற்றுத் தாமதமாவது பெரிய குறையல்ல.

சாதாரண ஃப்ரீவீல்கள் தளர்வான பால்ரஸ் மேல் சுழல்கின்றன. வெளிவளையம் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம். உள்பாகத்தை இரண்டு விரலால் பிடித்து வெளிவளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல விரலில் தட்டினால் வேண்டாம். ஒவ்வொரு நாக்கும் விழும் ஓசை ஒரே சீராகக் கேட்க வேண்டும். ஒயிட் இண்டஸ்ட்ரீஸின் ஈனோ போன்றவை மூடிய பேரிங்கில் சுழல்பவை. விலை பல மடங்கு, ஆனால் பேரிங்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றிக்கொள்ளலாம். தினமும் மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவருக்கே அந்தச் செலவு நியாயம்.

பலரும் கோட்டைவிடுவது கழற்றும் காடிகளை, அதாவது கழற்றும் கருவி மாட்டும் பள்ளங்களை. இரண்டு காடி மட்டும் உள்ளதில், இறுகிப்போன பிறகு கழற்றும் கருவி வழுக்கிக் காடியைச் சிதைத்துவிடும். நான்கு காடி உள்ளதையே வாங்குங்கள். 40 மி.மீ. நான்கு காடிக்குப் பார்க் டூல் நிறுவனத்தின் எஃப்ஆர்-6 கருவி பொருந்தும்.

பல் எண்ணிக்கையில் பெரியதே மேல். முன்னே 36 பல், பின்னே 14 பல் என்ற 36-14, அதேபோல 46-18 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான். ஆனால் அதே மிதிக்கு 18 பல்லில் செயின் இழுவை சுமார் 22 சதவீதம் குறைவு. செயின், பல் இரண்டும் மெதுவாகத் தேயும்.

மாட்டும்போது மரையைத் துடைத்து, தாராளமாகக் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டுமே ஏற்றுங்கள். அலுமினிய ஹப்பில் கோணலாக ஏறினால் ஹப்பே போச்சு. கருவி போட்டு முறுக்கத் தேவையில்லை, மிதிக்க மிதிக்கத் தானே இறுகும். பின்பு பெடலை மெதுவாகச் சுற்றிச் செயினைக் கவனியுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்ந்தால் ஏதோ ஒரு பல்சக்கரம் மையம் விலகியிருக்கிறது. இறுக்கம் பெடலின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வந்தால் முன் செயின்வீல்தான் காரணம். 46-18இல் இரண்டரை முறை வந்தால் ஃப்ரீவீல்.

கழற்றும்போது கருவி நழுவாமல் ஆக்ஸில் நட்டால் பிடித்து வைத்து, நீண்ட ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்புங்கள். முதல் அசைவு கிடைத்ததும் நட்டைத் தளர்த்திவிடுங்கள். அப்படியே தொடர்ந்தால் ஆக்ஸில்தான் முறியும். ஃப்ரீவீலின் முன்பக்க மூடி வளையத்துக்கு மட்டும் மரை எதிர்த்திசை, அது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

உள்ளே கெட்டியான கிரீஸ் போடாதீர்கள். குளிரில் அது உறைந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும், மிதி வெறுமனே சுழலும். சக்கரத்தைப் படுக்க வைத்து, இரு வளையங்களுக்கு இடையிலான இடுக்கில் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்றினால் போதும். அதன் பிறகும் மிதி வழுக்கினால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.