சிலிகோன்மேல் செல்லைத் தங்க வைக்கும் முறை

நான்காம் நாள் காலை, உயிருள்ள செல்களை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியான இன்குபேட்டரைத் திறந்தால், செல்கள் அத்தனையும் ஒரே தோலாக உரிந்து, சுருண்டு மிதந்துகொண்டிருந்தன. முந்தைய நாள் வரை நன்றாகப் பரவியிருந்தவை. பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் வகையின்மேல், செல்கள் பற்றிக்கொள்ளும் புரதமான கொலாஜனை நேரடியாகப் பூசியிருந்தேன். செல்கள் கொலாஜனை விடவில்லை. கொலாஜன்தான் சிலிகோனை விட்டுவிட்டது.

செல் பற்றுவது பொருளை அல்ல, அதன்மேல் படிந்த புரதத்தை. ஆகவே புரதத்துக்கு அடியில் ஒரு பசை வேண்டும். ஆக்சிஜன் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் வாயுவால் பரப்பை நீர் ஒட்டும்படி மாற்றுவது, மட்டும் போதாதா என்பார்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்தாக நின்ற நீர்த்துளி, பிளாஸ்மாவுக்குப் பின் பரந்து படியும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். காற்றில் வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள், துளி மறுபடி எழும்பத் தொடங்கியிருக்கும்.

நான் நம்புவது பாலிடோபமைன், டோபமைன் மூலக்கூறுகள் இணைந்து உருவாகும் ஒட்டும் பூச்சு. 2007-இல் வெளியான முறை; சிப்பி பாறையில் ஒட்டும் வேதியியலைப் பார்த்துச் செய்தது. 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபரை (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பிஎச் 8.5-க்குக் கொண்டுவாருங்கள். அதில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன் ஹைட்ரோகுளோரைடைக் கரையுங்கள், அதுவும் பயன்படுத்தும் நேரத்தில்தான். முன்கூட்டிக் கரைத்தால் பாட்டிலுக்குத்தான் பூச்சு ஏறும். எத்தனாலில் கழுவி உலர்த்திய சிலிகோனை அதில் போட்டு, காற்றுப்பட, மெதுவாக ஆட்டும் கருவியில் விடுங்கள். நிறமற்ற கரைசல் பழுப்பாகி, இரவு கழிந்தால் கறுத்துவிடும். கறுக்கவில்லையென்றால் பிஎச்சைச் சந்தேகியுங்கள்.

பிறகு கழுவுங்கள், சலிக்காமல் கழுவுங்கள். ஒட்டாத கரும்பொடி மிஞ்சினால் நுண்ணோக்கியில் அதையே செல் என்று எண்ணி ஏமாறுவீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். முன்போல் உருண்டு நிற்கக் கூடாது.

அடுத்து 70 சதவீத எத்தனாலில் அரை மணி நேரம், நுண்ணுயிர் நீக்கிய பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) அலசல். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கொலாஜனை 20 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். அமிலம் போக மூன்று முறை பிபிஎஸ். இடையில் உலர விடாமல் செல்களை இடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, பூசாத சிலிகோன் ஒன்றும், வழக்கமான வளர்ப்புத் தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் நாள் படத்தோடு மகிழ்ந்துவிடாமல் ஏழாம் நாள் வரை விளிம்புகளைப் பாருங்கள். உரிதல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.